குரங்குப் பெடல்

குரங்குப் பெடல் என்பது, இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத சிறுவர்கள், பெரியவர்களுக்கான மிதிவண்டியின் சட்டத்திலுள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, நின்ற நிலையிலேயே ஓட்டும் முறையாகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் பல தலைமுறைகளாக இம்முறையிலேயே மிதிவண்டி பழகினர். சிறுவர்களுக்கான சிறிய மிதிவண்டிகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் இவ்வழக்கம் பெரிதும் அருகிவிட்டது.

பெயர்

வண்டியின் ஒரு பக்கமாகத் தொங்கி, முதுகை வளைத்து ஓட்டுபவரின் தோற்றம் கிளையைப் பற்றித் தொங்கும் குரங்கை ஒத்திருப்பதால் இப்பெயர் வழங்குகிறது. பெடலை முழு வட்டமாகச் சுற்றாமல் மேலும் கீழுமாக அரைச் சுற்று மட்டும் மிதிப்பதை அரைப் பெடல் என்பர். பேச்சு வழக்கில் இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வருவதும் உண்டு. இதே முறை வட இந்தியாவில் 'கைஞ்சி' எனப்படுகிறது. இந்தியில் இச்சொல்லுக்குக் கத்தரிக்கோல் என்பது பொருள்.

வண்டி

இம்முறை தோன்றியதற்குக் காரணம் வண்டியின் அளவே ஆகும். இந்தியாவில் நெடுங்காலம் மிகுதியாக விற்ற மிதிவண்டி, 28 அங்குலச் சக்கரங்களும் கனத்த இரும்புச் சட்டமும் கொண்ட பெரிய வண்டியாகும். சென்னை அம்பத்தூரில் 1949 இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ், 1951 இல் தொடங்கப்பட்ட அட்லஸ், 1956 இல் லூதியானாவில் தொடங்கப்பட்ட ஹீரோ ஆகிய நிறுவனங்கள் இவ்வகை வண்டிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தன. இதன் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். எட்டு வயதுச் சிறுவனின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், வண்டி சாயத் தொடங்கினால் அதை நிமிர்த்துவதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அது தந்தையின் தொழிற்கருவியாகவே இருக்கும். பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்த வண்டி, அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் மட்டுமே பிள்ளைகளின் கைக்கு வந்தது. வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக் கணக்கிலும் அரைமணிக் கணக்கிலும் வண்டி கொடுத்து, எடுத்த நேரத்தைக் கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொள்வார். சில கடைகளில் உயரம் குறைந்த வண்டிகளும் இருந்தன. எனினும் அவை எண்ணிக்கையில் குறைவு. விடுமுறை நாட்களில் அவற்றுக்குப் போட்டி அதிகம்.

ஓட்டும் முறை

ஓட்டுபவர் வண்டியின் இடப்பக்கம் நிற்பார். இடக்கால் இடப் பெடலில் இருக்கும். வலக்காலைப் பாருக்குக் கீழே சட்டத்தின் இடைவெளி வழியாக நுழைத்து, மறுபக்கமுள்ள வலப் பெடலில் வைப்பார். இடக்கை ஹேண்டில்பாரைப் பற்றும். வலக்கை பாரைப் பற்றிக்கொள்ளும், அல்லது இருக்கையை அக்குளுக்குள் இடுக்கி அணைத்துக்கொள்ளும். சற்று உயரமான சிறுவர்கள் இரு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடிப்பர். மிதிவண்டியின் செயின் வலப்புறம் இருப்பதால், வலக்காலின் உட்புறத்தில் படியும் கிரீசுக் கறை இம்முறையின் அடையாளமாகவே கருதப்பட்டது.

உடல் இடப்பக்கம் தொங்குவதால் அதற்கு ஈடாக வண்டி வலப்பக்கம் சாய்ந்தே ஓடும். வண்டியும் ஆளும் சேர்ந்த பொருண்மை மையம், சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் மேலே அமைய வேண்டும் என்பதே இதற்குக் காரணம். நேராக அமர்ந்து ஓட்டுவதைவிட இது கடினமானது. ஆயினும் இயற்பியல் ஏதும் அறியாத சிறுவர்கள் இச்சாய்வைச் சில நாட்களில் கண்டுகொண்டனர்.

பழகுவதற்குப் பொதுவாகச் சில படிகள் இருந்தன. முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடத்தல். பின்னர் இடக்காலைப் பெடலில் ஊன்றி, வலக்காலால் தரையை உந்தி உருளுதல். அதன் பிறகே குரங்குப் பெடல். அடுத்துப் பாருக்கு மேல் காலைப் போட்டு, இருக்கையில் அமராமல் இடுப்பை இருபுறமும் அசைத்து மிதிப்பர். கடைசியாக இருக்கையில் அமர்தல். பின்னால் ஒருவரை ஏற்றி 'டபுள்ஸ்' அடிப்பவர் முழுமையாகத் தேறியவராகக் கொள்ளப்பட்டார்.

சமநிலை

மிதிவண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால் அது நிமிரும். புதிதாகப் பழகுபவர் அச்சத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி விழுவார். சுழலும் சக்கரத்தின் கொட்புவிளைவே வண்டியை நிமிர்த்துகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்விளைவு நீக்கப்பட்ட வண்டியும் ஆளின்றித் தானே சமநிலை கொள்ள முடியும் என்பதை 2011 இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு சோதனை மூலம் காட்டியது.

செருமனியின் கார்ல் டிரைஸ் 1817 இல் ஓட்டிக்காட்டிய வண்டியில் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தியே அது ஓடியது. இன்று மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு விற்கப்படும் பெடலற்ற பழகு வண்டிகளும் இத்தகையனவே. முதலில் சமநிலை, பிறகு மிதித்தல் என்பது இவற்றின் அடிப்படை. பின்சக்கரத்தின் இருபுறமும் துணைச் சக்கரங்கள் பொருத்திய வண்டி சாயவே சாயாது என்பதால் குழந்தை மிதிக்க மட்டுமே கற்கிறது. ஒற்றைக் காலால் உந்தி உருண்ட கிராமத்துச் சிறுவர்கள் டிரைசின் வழியிலேயே கற்றனர் எனலாம்.

பாதைகளும் சரிவுகளும்

பழகும் இடத்தைப் பொறுத்தே துணிவும் அமைந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இதற்கு ஏற்ற நிலமாகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடைப்பட்ட இப்பள்ளத்தாக்கின் தரை பெரும்பாலும் சமதளமானது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் இப்பகுதியில் வாய்க்கால் கரைகளும், வயல்களுக்கும் திராட்சைப் பந்தல்களுக்கும் இடையே செல்லும் மண் பாதைகளும் உண்டு. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள சுருளிப்பட்டியைத் தாண்டினால் நிலம் மலையடிவாரத்தை நோக்கி உயர்கிறது. போகும்போது மூச்சு வாங்கும் அதே பாதை, திரும்பும்போது மிதிக்காமலே ஓடும் இறக்கமாகிவிடுகிறது.

கண்மாய்க் கரை, வாய்க்கால் கரை போன்றவை சிற்றூர்ச் சிறுவர்களுக்கு இயற்கையான சாய்தளங்கள் ஆகும். வேகமெடுத்துக் கரையில் ஏறுவதும், மறுபக்கம் பிரேக் பிடிக்காமல் இறங்குவதும் பழகியவர்களின் விளையாட்டு. உலகின் வேறொரு மூலையில் இதே விளையாட்டிலிருந்து ஒரு போட்டியே உருவானது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் தென்பகுதிச் சிறுவர்கள், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்துத் தம் சிறு மிதிவண்டிகளை மண்மேடுகளில் ஓட்டியதே பி.எம்.எக்ஸ். பந்தயத்தின் தொடக்கமாகும். இது 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.

காயங்கள்

குரங்குப் பெடலில் வலக்கை பாரைப் பற்றியிருக்கும்போது இரண்டு பிரேக்குகளில் ஒன்று மட்டுமே கைக்கு எட்டும். அதையும் அழுத்தச் சிறுவர்களின் விரல்களுக்கு வலுப் போதாது. எனவே மணல்மேட்டில் ஏற்றியோ, இடப்பக்கம் குதித்தோ வண்டியை நிறுத்தினர். முழங்கால், முழங்கைச் சிராய்ப்புகள் மிகப் பொதுவானவை. அவற்றைவிடக் கடுமையானவை, சக்கரக் கம்பிகளுக்குள் பாதம் சிக்குவதும், ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் இடிப்பதும் ஆகும். ஹேண்டில்பார் இடியில் வெளியே சிறு தழும்பே தெரிந்தாலும் உள்ளுறுப்புகள் காயப்பட்டிருக்கக்கூடும். வயிற்றுவலியோ வாந்தியோ தொடர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இத்தகைய காயங்களைத் திட்டுக்கு அஞ்சி வீட்டில் மறைப்பது சிறுவர் வழக்கமாதலால் இது குறிப்பிடத்தக்கது.

பெண்கள்

குரங்குப் பெடல் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் பயிற்சியாகவே இருந்தது. பாவாடை செயினில் சிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஊரார் பேச்சு சொல்லப்படாத காரணம். இந்நிலையைப் பெரிய அளவில் மாற்றியது, புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து நடந்த மிதிவண்டிப் பயிற்சியாகும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டிகளையே அவர்கள் வாங்கினர். குழந்தையை அமர்த்திக்கொள்ளப் பார் உதவும் என்று சிலர் அவற்றையே விரும்பினர்.

தமிழ்நாடு அரசு 2001-02 இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் இத்திட்டம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வண்டி கைக்கு வரும் வயதில் குரங்குப் பெடலுக்குத் தேவை இருப்பதில்லை. வீட்டிலுள்ள தம்பி, தங்கையருக்கு அது பழகு வண்டியாவது உண்டு.

திரைப்படம்

ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்னும் சிறுகதையைத் தழுவி, கமலக்கண்ணன் இயக்கத்தில் 'குரங்கு பெடல்' என்ற திரைப்படம் 2024 மே மாதம் வெளியானது. கோடை விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகும் கிராமத்துச் சிறுவனே இதன் முதன்மைப் பாத்திரம். அவனுடைய தந்தைக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது.