பன்னிரண்டு கட்டம் வந்த வழி

நோட்டைக் குறுக்காகத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பன்னிரண்டு கட்டம். மேலே சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். பக்கவாட்டில் பிரசென்ட், பாஸ்ட், ஃபியூச்சர். ‘ஐ ரைட்’டில் தொடங்கி ‘ஐ ஷேல் ஹேவ் பீன் ரைட்டிங்’ வரை நிரப்பாமல் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேலவீதியிலோ டியூஷன் படித்துக் கரையேறியவர் அரிது. ஆங்கிலேயர்கள் தங்கள் மொழியைப் பார்த்து வரைந்த கட்டம் இது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் இதன் பூர்விகத்தைத் தேடிப் போனால் எகிப்தில் போய் நிற்போம்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க அறிஞர்கள் ஹோமரின் காவியங்களைப் பிழையறப் படிக்கப் பாடுபட்டார்கள். அங்கே பயின்ற டயோனிசியஸ் த்ராக்ஸின் பெயரில் வழங்கும் சின்ன இலக்கண நூல், காலம் மூன்று என்று வைத்து, இறந்தகாலத்தை மட்டும் நான்காகப் பிரித்தது. கிரேக்க வினைகளுக்கு அளவெடுத்துத் தைத்த அந்தச் சட்டையை ரோமானியர்கள் லத்தீனுக்குப் போட்டார்கள். கி.பி. 500 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் பிரிசியன் எழுதிய லத்தீன் இலக்கணம், பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் பாடநூலாக இருந்தது.

1586இல் வில்லியம் புல்லோகர் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் எழுதியபோது கையில் இருந்ததும் இதே லத்தீன் மாதிரிதான். 1653இல் ஒருவர் மறுத்துப் பேசினார்: ஜான் வாலிஸ். முடிவிலிக்கு ∞ என்ற குறியைத் தந்த அதே கணித மேதை. ஆங்கில வினைக்கு உள்ள காலம் இரண்டுதான், மற்றவை துணைவினைகளின் வேலை என்றார். இன்றைய மொழியியலாளர்கள் பலரின் கருத்தும் அதுவே. பள்ளிக்கூடங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையே லத்தீன் கட்டம் நம் கரைக்கும் வந்துவிட்டது, ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுக்க அல்ல, தமிழை அளக்க! தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. எழுதியது லத்தீனில், அமைப்பும் லத்தீன் முறை. தமிழோ தொல்காப்பியர் மூன்று காலத்தோடு நிறுத்திய மொழி. அடுத்த ஆண்டு, 1717இல், தரங்கம்பாடி மிஷன் கடலூரில் பள்ளி திறந்தது. புனித டேவிட் கோட்டையோடு கடலூர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்து அப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மீண்டும் ஆங்கிலத்துக்கு வருவோம். அதன் இலக்கணத்தைப் பெரும் வியாபாரமாக்கியவர் லிண்ட்லி முர்ரே. நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் இருந்தவர், உடல் நலிந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்குக் குடிபெயர்ந்து பெரும்பாலும் நாற்காலியிலேயே காலம் கழித்தார். அவ்வூர்ப் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்காக 1795இல் ஒரு புத்தகம் தொகுத்தார். ராபர்ட் லௌத் முதலிய முந்தைய இலக்கண ஆசிரியர்களிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். திருட்டு என்ற பழியும் வந்தது. அவர் புத்தகத்தை மற்றவர்கள் அதைவிடத் தாராளமாக அடித்து விற்றார்கள். அதில் காலங்கள் ஆறுதான்.

அந்த ஆறு நம் நோட்டில் பன்னிரண்டானதில் ஒரு பரீட்சைக்குப் பங்கு உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் தேறினால் சர்க்கார் உத்தியோகம் என்ற நிலையில், மதிப்பெண் போடத் தோதான இலக்கணம் தேவைப்பட்டது. வடமேற்கு மாகாணங்களின் கல்வித் துறைத் தலைவராக இருந்த ஜே.சி. நெஸ்ஃபீல்ட், 1890களில் இந்திய மாணவர்களுக்காக எழுதிய வரிசையில் ஒவ்வொரு காலத்துக்கும் நான்கு வடிவம் என்று அடுக்கினார். மூன்று நான்கு பன்னிரண்டு. கேள்வி கேட்கவும் வசதி, திருத்தவும் வசதி.

நெஸ்ஃபீல்டிலேயே பிழை கண்டவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி என்று ஒரு செய்தி வழங்குகிறது. அப்போது அவர் சேலத்தில் பள்ளி ஆசிரியர். வலங்கைமானில் பிறந்து, ஆங்கிலேயர்களே வியந்த ஆங்கிலம் பேசிய அவர், 1935இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தார். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி.சி. ரென், பாலைவனப் போர்வீரர்களைப் பற்றிய ‘போ ஜெஸ்ட்’ நாவலால் உலகப் புகழ் பெற்றவர்.

1959இல் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் புதுமுறைப் பயிற்சி தரும் இயக்கம் தொடங்கியது. கட்டம் போய், ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறை வந்தது. 1979இல் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு அதையும் கேள்வி கேட்டார். பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். பொருளில் கவனம் போனால் இலக்கணம் தானே படியும் என்பது அவர் வாதம்.

எனக்கு அவர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. ‘சாப்பிட்டேன்’, ‘சாப்பிட்டிருக்கேன்’, ‘சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்’ மூன்றையும் நம் குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்பே இடமறிந்து பேசுகிறார்கள். சிக்கல் வேறிடத்தில். ‘நேத்து வந்திருக்கார்’ என்பது நல்ல தமிழ். ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்பதை ஆங்கிலம் ஏற்காது. பன்னிரண்டு கட்டத்தில் எதைப் பார்த்தாலும் இது தெரியாது. கடலூர் பேருந்து நிலையத்தில் நின்று இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். சிதம்பரம் பஸ் போய்விட்டதா? ‘இட் ஹேஸ் லெஃப்ட்.’ எப்போது? ‘இட் லெஃப்ட் அட் ஃபைவ்.’