நெஞ்சுக்கு முன்னால் கால்

"பைபாஸ்னா நெஞ்சுலதானே தம்பி பண்ணுவாங்க?" போன மாதம் பெரியப்பாவுக்குக் காலில் பைபாஸ் என்றதும் ஊரிலிருந்து பெரியம்மா போனில் கேட்டார். புனேயில் உட்கார்ந்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வங்கிக்காரன், டாக்டர் இல்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1894ல் பிரான்ஸ் ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க அன்று வழியில்லை. அதே ஊரில் மருத்துவம் படித்த அலெக்ஸி காரெல், பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் நுண்தையல் பழகி, ரத்தக்குழாய்களை இணைக்கும் முறையை உருவாக்கினார். 1912ல் அவருக்கு நோபல் பரிசு.

1948 ஜூன் 3 அன்று பாரிஸில் ழான் குன்லின் அடுத்த படிக்குப் போனார். அடைத்த தமனியை வெட்டி எடுக்கவில்லை. நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை (நாம் 'நரம்பு' என்போமே, அதுதான்) எடுத்து, அடைப்பைத் தாண்டி மேலும் கீழும் தைத்தார். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறிக்காதபடி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினார். இதய பைபாஸில் கால் சிரையை ஃபவலோரோ பிரபலமாக்கியது 1967க்குப் பிறகுதான். ஆக, கால்தான் முந்தியது பெரியம்மா!

எத்தனை நாள் தாங்கும்? 1986ல் வந்த வெய்த் குழுவின் ஆய்வில், முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகளுக்குப் போட்ட பைபாஸ்களில், நான்கு வருடம் கழித்துத் திறந்திருந்தவை சொந்தச் சிரையில் 49 சதவீதம், செயற்கைக் குழாயில் 12 சதவீதம். பாதிதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்குள் புண் ஆறிவிட்டால், பிறகு குழாய் அடைத்தாலும் பல கால்கள் தப்பிவிடுகின்றன.

நல்ல சிரை இருப்பவர்களுக்கு பலூன், ஸ்டென்ட்டைவிட பைபாஸே மேல் என்றது 2022ல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களிடம் 2023ல் வந்த பேசில்-2 ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. எனவே ஆளைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும். "சிரை எப்படி இருக்கிறது?" என்று மட்டும் நாம் தவறாமல் கேட்கலாம்.

முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் தையலிலோ சிரையிலோ குறை. அதன்பின் இரண்டு வருடம்வரை உட்சுவர் தடிப்பதுதான் எதிரி. அதனால்தான் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். அதற்கும் பின்னால் வருவது பழைய கொழுப்பு நோயே. புகை அதற்கு எண்ணெய் ஊற்றும்.

பீடியை விட்டாச்சு என்கிறார் பெரியப்பா. சட்டைப்பையைப் பார்க்கும் பொறுப்பைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன்.