ஓய்வுநாளும் எழுதுகோலும்

கிறிஸ்தவ இளையோர்க்குப் பத்துக் கட்டளைகளைக் கற்பிக்குங்கால், இறைவனின் திருப்பெயரை வீணில் வழங்கலாகாது என்பதும், ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரித்தல் வேண்டும் என்பதும் அடுத்தடுத்துக் கூறப்பெறும். இங்கிலாந்தில் ஏழைச் சிறார்க்கென ஓய்வுநாள் பள்ளிகள் பரவியமைக்கு இவ்விரு கட்டளைகளும் பெருங்காரணமாயின. அப்பள்ளிகள் பலவற்றிலேயே, ஓய்வுநாட் கட்டளையைக் காட்டி அச்சிறாரின் கையிலிருந்து எழுதுகோலை வாங்கி வைத்த வரலாறும் உண்டு. அதனையே இங்குக் கூறப் புகுகின்றேன்.

குளோஸ்டர் நகரில் அக்காலத்தில் குண்டூசி செய்யும் தொழில் மிக்கிருந்தது. வாரத்தில் ஆறு நாள் அத்தொழிலில் உழன்ற ஏழைச் சிறார், ஞாயிறன்று தெருக்களில் கூடிச் சூதாடியும், ஆணையிட்டும், சபித்தும் பொழுது போக்கினர். ‘குளோஸ்டர் ஜர்னல்’ என்னும் இதழை நடத்திய அச்சகத்தார் ராபர்ட் ரெய்க்ஸ் (1736–1811) இதனைக் கண்டு வருந்தினார். சிறைக்கூடங்களுக்குச் சென்று கைதிகளின் நிலையைக் கண்டறிந்தவர் அவர். கல்லாமையே பலரைச் சிறையில் தள்ளுகின்றது என்பது அவர் துணிபு. 1780இல் சில பெண்மணிகளை நாளுக்கு ஒரு ஷில்லிங் ஊதியத்தில் அமர்த்தி, தாமஸ் ஸ்டாக் என்னும் குருவானவரின் துணையுடன் பள்ளி தொடங்கினார். புத்தாடை வேண்டியதில்லை, கை முகம் கழுவித் தலைவாரி வந்தாற் போதும் என்பது விதி. காலையில் வாசிப்பு, பிற்பகலில் கோவில், அதன்பின் வினாவிடைப் பாடம் என நாள் கழிந்தது. 1783இல் தம் இதழில் அவர் இச்செய்தியை வெளியிட்டபின் இம்முயற்சி நாடெங்கும் பரவலாயிற்று.

இச்சிறார் மனனம் செய்த கட்டளையின் பொருளைச் சற்றே நோக்குதல் வேண்டும். யாத்திராகமம், உபாகமம் என்னும் இரண்டு ஆகமங்களிலும் அது காணப்படுகின்றது. முன்னது, இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்ததைக் காரணமாகக் கூறும். பின்னதோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைவூட்டி, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று கூறும். மாடும் கழுதையுங்கூட அதில் விடுபடவில்லை. உழைப்பாளிக்கு உரிமையாகக் கிடைத்த நாள் அது. உபாகமத்தின் இக்காரணத்தை ஆசிரியர் எடுத்துரைத்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தே அப்பாடம் மாணவனுக்கு விடுதலையாகவோ விலங்காகவோ அமையும் என்பது என் கருத்து.

நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தைச் சொல்லப் பழகியவர்க்கு, வாசிப்பு வேறு, எழுத்து வேறு என்பது வியப்பாகத் தோன்றும். அக்கால இங்கிலாந்தில் வாசிப்பை முதலில் கற்பித்தனர். எழுத்து அதன்பின் வருவது, பல இடங்களில் தனிக் கட்டணமும் உடையது. ஆதலின் ஞாயிறன்று வேதம் வாசிக்கக் கற்பித்தல் புண்ணியம், எழுதக் கற்பித்தலோ கணக்கர் தொழிலுக்குப் பயிற்றுதல், அது வேலை, எனவே ஓய்வுநாளை மீறுதல் என்று வாதிட இடமுண்டாயிற்று.

அனைவரும் இக்காரணத்தையே கூறினர் என்பதற்கில்லை. 1789இல் செடார் என்னும் சிற்றூரில் பள்ளி தொடங்கிய ஹன்னா மோர் அம்மையார், ஏழைகளுக்கு எழுத்தே கற்பிப்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். உழைப்பும் பக்தியும் பழகினாற் போதும் என்பது அவர் எண்ணம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மேலோரிடையே பரவிய அச்சமும் இவ்வெண்ணத்திற்கு வலிவூட்டிற்று. ஆயினும், எதிர்ப்பினிடையே ஊர் ஊராய்ப் பள்ளி நடத்தியவர் அவ்வம்மையார் என்பதையும் மறுத்தற்கில்லை.

மெதடிஸ்த சபையிலோ வாதம் ஓய்வுநாளைப் பற்றியதாகவே இருந்தது. அச்சபையின் மாநாட்டுக்கு நான்கு முறை தலைவராயிருந்த ஜேபஸ் பண்டிங், ஞாயிறன்று எழுத்துக் கற்பித்தலைக் கடுமையாக எதிர்த்தார். 1827இல் வெஸ்லியன் மாநாடு வகுத்த விதிகள் அதனை விலக்கின. எழுதக் கற்க விரும்புவோர் வாரநாள் மாலையில் வரலாம் எனப் பல பள்ளிகள் வழிசெய்தன. ஆலையில் பகலெல்லாம் நின்ற சிறுவன் மாலையில் எவ்வளவு எழுதுவான் என்பதை, வயல் வேலை முடித்து வந்து பலகையின் மீதே உறங்கிவிடும் பிள்ளைகளைக் கண்டிருக்கும் ஆசிரியர் எவரும் அறிவர்.

இதன் மறுபக்கத்தைச் சாமுவேல் பாம்ஃபோர்டு (1788–1872) கூறுகின்றார். மான்செஸ்டரை அடுத்த மிடில்டனில் பிறந்த கைத்தறி நெசவாளர் அவர். 1819இல் பீட்டர்லூ திடலில் மக்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்ட நாளில் அங்கிருந்து, பின் ஓராண்டு சிறை சென்றவர். இளமையில் தாம் பயின்ற மெதடிஸ்த ஓய்வுநாள் பள்ளியில் எழுத்தும் கற்பிக்கப்பட்டதையும், நிலக்கரிச் சுரங்கத்துப் பையன்களும் அவர்களுடைய சகோதரிகளும் அங்குத் தவறாது வந்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இறைவனின் வார்த்தையை வாசிப்பதுபோலவே எழுதுவதும் ஓய்வுநாளுக்கு இழுக்கன்று எனப் பழைய மெதடிஸ்தர் கருதினர் என்றும், பின்வந்த பெரியோரின் விதி அன்றே இருந்திருப்பின் தாம் இந்நூலை எழுதியிருக்க இயலாது என்றும் குறிப்பிடுகின்றார்.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் வாரநாட் பள்ளிகள் பெருகின. எழுத்தும் கணக்கும் அங்கே சென்றன. ஞாயிற்றுப் பள்ளிகள் வேதபாடத்தோடு நின்றன. வழக்கு தீர்ப்பின்றியே முடிந்தது. பாம்ஃபோர்டுக்கு அப்போது வயது 82.