கீழடிப் பானை ஓட்டுக்குள் நானோகுழாய்: எது உண்மை, எது மிகை?

"அந்தக் காலத்திலேயே தமிழனுக்கு நானோ டெக்னாலஜி தெரியும், கீழடிப் பானையே சாட்சி" என்கிற மாதிரி ஒரு ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும்.

உண்மையா டாக்டர்?

பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்த்துடலாம் வாங்க.

கீழடி எங்கேயோ இல்லை. நம்ம தேவகோட்டை இருக்கிற அதே சிவகங்கை மாவட்டம்தான், திருப்புவனம் பக்கம்.

2015இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்தது. 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது.

அங்கே கிடைத்த சில ஓடுகளின் உட்புறம் கறுப்புப் பூச்சு. இவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தும் உதிரவில்லை. காரணம் என்ன? வேலூர் விஐடி ஆய்வாளர்கள் அடங்கிய குழு தேடியது.

நாங்க லேபில் வைத்திருக்கும் மைக்ராஸ்கோப் இதற்குப் போதாது. அதில் மலேரியா கிருமி தெரியும், டிபி கிருமி தெரியும். சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே போனால் எல்லாம் மங்கல்தான். ஒளியின் அலைநீளம் அதற்கு மேல் விடாது.

எலக்ட்ரானின் அலைநீளம் பல்லாயிரம் மடங்கு சிறியது. அதனால்தான் 1931இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை, கண்ணாடி லென்ஸுக்குப் பதில் காந்தச் சுருள் என்று ஒரு கருவி செய்தார்கள். எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் ஒரு டாக்டர். வைரஸ்களை இதில் முதன்முதலில் பார்த்தவர்களில் ஒருவர்.

அப்படிப்பட்ட நுண்ணோக்கியில் கீழடிப் பூச்சை வைத்தபோது தெரிந்தவை கார்பன் நானோகுழாய்கள். கார்பன் அணுக்களால் பின்னிய பாயைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

நம்ம சர் சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலை வைத்தும் சோதித்துவிட்டு, 2020 நவம்பரில் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன் 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு டமாஸ்கஸ் வாளில் நானோகுழாய் கண்டிருந்தார்கள். அந்த வாளுக்குச் சில நூற்றாண்டு வயதுதான்.

இதுவரை உண்மை.

மிகை எங்கே? நானோகுழாய் செய்கிறோம் என்று நினைத்து அந்தக் குயவர் சூளை மூட்டவில்லை. தாவரச் சாறு போல ஏதோ பூசி, அதிக வெப்பத்தில் சுட்டபோது இவை தானாக உருவாகியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து.

ஸ்கேனில் கட்டி தெரியும். ஏன் வந்தது என்று ஸ்கேன் சொல்லாது. நுண்ணோக்கியும் அப்படித்தான். பொருளில் என்ன இருக்கு என்று காட்டும், செய்தவர் மனசில் என்ன இருந்தது என்று காட்டாது.

பெருமைதானே, இருந்துட்டுப் போகட்டும் என்கிறீர்களா? மிகையாகச் சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கி.மு. 580 என்ற உண்மையும் சேர்ந்து அடிபடும்.

அந்தக் குயவரின் நிஜத் திறமையும் மறைஞ்சுடும். எந்த மண், எதைப் பூசணும், எவ்வளவு நெருப்பு என்பது கையும் கண்ணும் கற்ற பாடம். அதுக்கு நானோ பட்டம் தேவையில்லை.

2023 முதல் கீழடியில் அருங்காட்சியகம் திறந்திருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. ஓடுகளைக் காட்டி இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்க.