தலைக்கு இவ்வளவு!

கொடைக்கானல்ல சீசனுக்கு காட்டேஜ் எடுத்திருக்கீங்களா? மொத்தமா வாடகை பேசிட்டா, நாலு பேர் தங்கினாலும் பத்து பேர் நெருக்கியடிச்சாலும் அதே காசுதான். திடீர்னு ஓனர் தலைக்கு இவ்வளவுன்னு சொன்னா? ஷேர்டு ஹோஸ்டிங்கில் 2019-ல் நடந்தது அதுதான்.

நம்மில் பலர் ப்ளாக்ஸ்பாட்டை விட்டு சொந்த டொமைனுக்குப் போனப்போ முதலில் பார்த்தது சிபேனல் திரையைத்தான். 1996-ல் பிறந்த மென்பொருள். சர்வருக்கு ஒரே கட்டணம்; உள்ளே எத்தனை கணக்கு வைத்தாலும் சரி. நமக்கு மலிவா இடம் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

2017-ல் பிளெஸ்கை வாங்கிய ஓக்லி கேப்பிட்டல், 2018-ல் அதன் போட்டியாளரான சிபேனலையும் வாங்கியது. 2019 ஜூனில் அறிவிப்பு, செப்டம்பரில் அமல்: 100 கணக்கு வரை மாதம் 45 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட். 500 கணக்கு இருந்தால் 125 டாலர்!

பெரிய கம்பெனிகள் பேரம் பேசலாம். சின்ன ஆட்கள் டைரக்ட்அட்மின் பக்கம் ஓடணும், இல்லேன்னா விலையை நம்ம தலையில் கட்டணும்.

20 சென்ட் சின்னக் காசுதான். ஆனா எழுதுறதை எப்பவோ நிறுத்திட்ட நண்பரோட வலைப்பதிவு? முன்பு அது ஒரு மூலையில் செலவில்லாமல் கிடந்தது. இப்போ அதுவும் ஒரு தலை.

பழைய பதிவுகளை பேக்கப் எடுத்து வைங்க மக்கா.