மரத்தடிச் சாப்பாடும் ஒரு கோப்பையும்

1846ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிளப் தொடங்கியது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்று பெயர். தொடங்கிவைத்த அலெக்சாண்டர் அர்பத்நாட், கப்பலேறி வந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த இளம் அதிகாரி. ஊர் நினைவு வாட்டியபோது மட்டையும் பந்துமாகக் கூடிக்கொள்ள வெள்ளைக்காரர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். 1865இல் சேப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு பெவிலியன் எழுந்தது. வெள்ளைக்காரர் அல்லாத யாருக்கும் உறுப்பினர் ஆகும் வழி இல்லை. அந்தப் பெவிலியன் எழுந்த இரண்டாவது ஆண்டில், அதன் படிக்கட்டுக்கே சவால் விடப்போகும் குழந்தை ஒன்று பிறந்தது.

மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்பது அந்தக் குழந்தையின் முழுப்பெயர். வீட்டில் வைத்த செல்லப்பெயர்தான் ஊருக்கும் நிலைத்தது: புச்சிபாபு. தாய்வழித் தாத்தா, பாரி கம்பெனியின் துபாஷ். வெள்ளைக்கார வியாபாரத்துக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் நடுவே நின்று பேசி முடிக்கும் பெரும் பொறுப்பு அது. செல்வமும் அதற்கேற்றபடி சேர்ந்தது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த அவர்களின் 'லஸ் ஹவுஸ்' அந்நாளைய சென்னையின் பெயர்பெற்ற மாளிகைகளில் ஒன்று. பிள்ளைகளை வளர்க்க ஆங்கிலேயச் செவிலியர் இருந்தார்கள். மாலை வேளைகளில் அவர்கள் பையனைச் சேப்பாக்கம் மைதானத்துக்கு அழைத்துப்போனார்கள். காற்று வாங்கப் போன பையன், ஆட்டத்தைப் பார்த்துவிட்டான்.

பார்த்தது ஆட்டத்தை மட்டும் அல்ல. இந்திய அணிகள் சேப்பாக்கத்துக்கு வந்து ஆடத் தடை இல்லை. பந்து வீசலாம், மட்டை பிடிக்கலாம், வெள்ளைக்காரரின் விக்கெட்டைக்கூட எடுக்கலாம். உணவு இடைவேளை வந்ததும் எல்லாம் மாறிவிடும். வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். அதுவரை அதே வெயிலில் அவர்களோடு ஆடிக்கொண்டிருந்த இந்தியர்கள் மரத்தடிக்குப் போவார்கள். சாப்பாடும் அங்கேதான், ஓய்வும் அங்கேதான். புச்சிபாபு வளர்ந்து, குதிரையேற்றமும் டென்னிஸும் கிரிக்கெட்டும் தெரிந்த இளைஞரானபோதும் அந்த மரத்தடி மாறவில்லை. செல்வம், ஆங்கிலம், துபாஷ் குடும்பம் என்ற பெயர் எல்லாம் அவரிடம் இருந்தன. அந்தச் சில படிகளை ஏற அவை எதுவும் உதவவில்லை.

விண்ணப்பம் எழுதிக் கெஞ்சியிருக்கலாம். தன் ஒருவருக்கு மட்டும் கதவு திறக்க வழி தேடியிருக்கலாம். 1888இல், இருபது வயதில், அவர் வேறொன்றைச் செய்தார். மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார். எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு மைதானம் அமைந்தது. சென்னை இந்தியர்களுக்கென்று முறையாக எழுந்த முதல் கிரிக்கெட் கிளப் அதுதான். கிளப்பும் மைதானமும் வந்துவிட்டன. ஆட ஆள் வேண்டுமே?

ஆட்கள் இல்லாமல் இல்லை. கல்லூரிகளிலும் தெருக்களிலும் இருந்தார்கள். அவர்களிடம் சாமான்தான் இல்லை. நல்ல மட்டை என்றால் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். வில்லோ மரத்தில் செய்த மட்டை, தோல் பந்து, கால்காப்பு, கையுறை, வெள்ளை உடை எல்லாம் சேர்ந்தால் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் அடங்காது. கிரிக்கெட் பணக்காரர் ஆட்டமாகவே நின்றுபோக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. இந்த முட்டுச்சுவரில்தான் புச்சிபாபுவின் பணப்பை திறந்தது. ஆட வந்த இளைஞர்களுக்கு அவர் சாமான்களையும் உடைகளையும் தன் செலவில் கொடுத்தார். மட்டை கிளப்புடையது; ஆடத் தெரிந்தவன் அதை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கலாம்.

கிளப் வரலாறு என்றால் எழுதுபவர்கள் ரன் கணக்கையும் விக்கெட் கணக்கையும் எழுதுகிறார்கள். அந்தப் பொதுச் சாமான் பையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்பது என் எண்ணம். நான்கு பேருடைய மட்டையில் நாற்பது பேர் ஆடலாம் என்ற ஏற்பாடு வந்த பிறகே இந்த ஆட்டம் மாளிகையை விட்டு இறங்கியது. இறங்கிய ஆட்டத்துக்கு இப்போது ஓர் எதிரி தேவைப்பட்டது.

அதற்கான வழி பம்பாயிலிருந்து தெரிந்தது. அங்கே பார்சி இளைஞர்கள் 1848லேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் தொடங்கியிருந்தார்கள். தாங்கள் ஆடிய மைதானத்தைப் போலோ குதிரைகள் குளம்பால் கிளறிப் பாழாக்கியபோது, மனு மேல் மனுவாக எழுதிப் போராடினார்கள். 1890 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து வந்த வெர்னன் அணியைப் பம்பாயிலேயே தோற்கடித்தார்கள். 1892 முதல் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் பிரெசிடென்சி ஆட்டம் ஆண்டுதோறும் நடந்தது. சென்னையிலும் அப்படி ஓர் ஆட்டம் வேண்டும் என்று புச்சிபாபு விரும்பினார். விருப்பம் கைகூடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அந்த ஆண்டுகளில் எஸ்பிளனேடு மைதானத்தில் ஒரு தலைமுறை தயாரானது. இந்தியர்களைச் சமமாக மதித்துக் களத்தில் எதிர்கொள்ளலாம் என்ற நிலைக்கு மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பும் மெல்ல இறங்கி வந்தது. அந்தக் கிளப்பின் பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் என்ற வழக்கறிஞரோடு புச்சிபாபு பேசினார். பேச்சு பலித்தது. ஒருபக்கம் மாகாணத்து ஐரோப்பியர்கள், மறுபக்கம் மாகாணத்து இந்தியர்கள். இடம் சேப்பாக்கம், மாதம் 1908 டிசம்பர். எந்த மைதானத்தின் மரத்தடியில் இந்தியர்கள் சாப்பிட்டார்களோ அதே மைதானத்தில், எதிரணி என்ற முழுத் தகுதியோடு அவர்கள் இறங்கப்போகிறார்கள். நாள் நெருங்கியது. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தன.

அப்போது புச்சிபாபு இறந்துபோனார். வயது நாற்பதுதான்.

ஆட்டத்தையே கைவிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். துக்க வீட்டின் விளக்கு அணையாத நாட்கள் அவை. ஆனாலும் ஆட்டம் நடந்தது. அவர் பேசி முடித்த தேதியில், அவர் உருவாக்கிய ஆட்கள், அவர் இல்லாமல் சேப்பாக்கத்தில் இறங்கினார்கள். சில ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்த அந்த ஆட்டம், 1915-16 பருவத்திலிருந்து முதல்தர ஆட்டமாக ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி வரும். கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிய கையோடு சென்னைக்காரர்கள் சேப்பாக்கத்துக்குப் போனார்கள். பொங்கல் ஆட்டம் என்றே அது பேர்பெற்றது. 1952 வரை நடந்தது.

ஆனால் இந்தக் கதையின் பெரிய திருப்பம் அந்த ஆட்டத்தில் இல்லை. அடுத்த ஆண்டு, 1909இல், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பில் இருக்கிறது. தங்களுக்கு மட்டை வாங்கிக் கொடுத்தவரை எப்படி நினைவில் வைப்பது என்று கிளப்காரர்கள் யோசித்தார்கள். சிலை வைக்கலாம், படம் திறக்கலாம். அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். கிளப்புகள் ஒன்றோடு ஒன்று மோத வேண்டும், வென்றவர்களுக்கு அவர் பெயரில் கோப்பை. புச்சிபாபு நினைவுப் போட்டி பிறந்தது.

அதன்பின் அந்த வீட்டிலும் அந்த நகரத்திலும் நடந்தவை வேகமாகச் சொல்ல வேண்டிய கதைகள் அல்ல, என்றாலும் இரண்டை விட மனம் வரவில்லை. புச்சிபாபுவின் மகன்களில் ஒருவர் தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போனதால் கோட்டா ராமசாமி ஆனார். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு அழைப்பு வந்தபோது அவருக்கு நாற்பது வயது, தந்தை இறந்த அதே வயது. 1936 ஜூலையில் மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டில் 40, 60; அடுத்த டெஸ்டில் 29, ஆட்டமிழக்காமல் 41. ஆடியது அந்த இரண்டே டெஸ்ட்தான், சராசரி 56.66.

அதே அணியோடு இங்கிலாந்து போன இன்னொரு சென்னைக்காரர் எம். ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியது இவர் கைதான். சேப்பாக்கத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் மைசூரை 48, 59 என்று சுருட்டி ஒரே நாளில் சென்னை வென்றது. ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடிய கோபாலன் முன் 1936இல் இரண்டு பாதைகள் நின்றன: பெர்லின் ஒலிம்பிக் அல்லது கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இவருக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. ஆனால் 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்கு கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். ஆட்டக்காரன் பெயரில் கோப்பை வைக்கும் பழக்கம் அதற்குள் சென்னைக்குப் பழகிவிட்டிருந்தது.

அந்தப் பழக்கம் சென்னையோடு நிற்கவில்லை. அரியலூரிலிருந்து தஞ்சை போகும் சாலையில் கீழப்பழுவூர் இருக்கிறது. பழுவேட்டரையர்கள் ஆண்ட மண். ஆலமரத்தைத் தலமரமாகக் கொண்ட ஆலந்துறையார் கோயில் உள்ள ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரிகளும். தை பிறந்தால் இந்தப் பக்கத்து ஊர்களின் பேருந்து நிறுத்தங்களில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள்: பொங்கலை முன்னிட்டு மாபெரும் கிரிக்கெட் தொடர்போட்டி. முதல் பரிசு இவர், இரண்டாம் பரிசு அவர், சுழற்கோப்பை இன்னார் நினைவாக. விபத்தில் போன நண்பன், ஊருக்கு முதல் பேட் வாங்கித் தந்த அண்ணன், பிள்ளைகளை மைதானத்துக்குத் துரத்திவிட்ட வாத்தியார் என்று ஏதாவது ஒரு பெயர் அங்கே இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டினால் எந்த ஊர் டீமும் ஆடலாம். ஊருக்கு ஒரு கிட் பை. அதில் இருக்கும் இரண்டு பேட்டையே பதினொரு பேரும் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். பந்து தோல் பந்து இல்லை, டென்னிஸ் பந்து. பெவிலியன் கிடையாது, எல்லாருக்கும் மரத்தடிதான். பொங்கல் ஆட்டம், பொதுச் சாமான், நினைவுக் கோப்பை: எஸ்பிளனேடு கிளப்பைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்ந்த மூன்றும் இங்கே வழக்கமாகி, யார் தொடங்கியது என்று யாரும் கேட்காத அளவுக்கு இயல்பாகிவிட்டன.

இந்த டென்னிஸ் பந்து மைதானங்களை விளையாட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களுக்குச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி பதில் சொன்னது. அங்கே டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய தங்கராசு நடராஜன், இருபது வயதை ஒட்டித்தான் தோல் பந்தைத் தொட்டார். சென்னை லீக்கில் கீழ்ப் பிரிவில் தொடங்கி ஜாலி ரோவர்ஸ் வரை கிளப் கிளப்பாக ஏறினார். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், அணியில் காயங்கள் பெருக, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பிரிஸ்பேனில் அவருடைய முதல் டெஸ்ட் தொடங்கிய நாள் 2021 ஜனவரி 15. ஊரில் அன்று மாட்டுப் பொங்கல். 2023இல் தன் ஊரிலேயே ஒரு மைதானத்தைக் கட்டித் திறந்தார்.

அதே 2023இல்தான், சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த புச்சிபாபு போட்டி மறுபடி உயிர்பெற்றது. கிளப்புகளுக்கென்று பிறந்த போட்டி இதற்குள் மாநில அணிகள் மோதும் அகில இந்தியப் போட்டியாகியிருந்தது. 2024இல் அதைச் சென்னையை விட்டே வெளியே கொண்டுபோனார்கள்: திருநெல்வேலி, கோவை, சேலம், நத்தம். சூர்யகுமார் யாதவும் ஷ்ரேயஸ் ஐயரும் மும்பைக்காகக் கோவையில் இறங்கினார்கள், ஜார்க்கண்டுக்காக இஷான் கிஷன் நெல்லையில் சதம் அடித்தார், கோப்பையை ஹைதராபாத் எடுத்துப்போனது. சேலத்து ஆட்டங்கள் நடந்த மைதானம் வாழப்பாடி பக்கம் இருக்கிறது. கீழப்பழுவூர்ப் பையன்கள் காலையில் அரியலூரில் பஸ் பிடித்து, பெரம்பலூர், ஆத்தூர் வழியாகப் போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.