அட்டைப்படமா... ஃப்ளெக்ஸ் பேனரா? சொந்தமா புத்தகம் போடுறவங்க சறுக்கும் இடங்கள்!

ஓசூர் - ராயக்கோட்டை சாலையில் இருக்கும் உத்தனப்பள்ளியில் உட்கார்ந்து, ஷிஃப்ட் முடிந்த இரவுகளில் மொபைலிலேயே ஒரு நாவல் எழுதி வெளியிடுவது இன்று சாத்தியம். 2016 இறுதியில் கிண்டில் தமிழுக்கும் வந்த பிறகு, பதிப்பாளரைத் தேடி சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியமில்லை. ஆனால், மாதக்கணக்கில் எழுதியவர்கள்கூட அட்டைக்கு ஒதுக்குவது அரை மணி நேரம்தான். அடி விழுவது அங்கேதான்.

அவசரத்துக்குக் கைகொடுப்பவர் தெரு முனை ஃப்ளெக்ஸ் கடைக்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என பேனர் அடித்துப் பழகிய கை அது. பேனரில் எல்லார் முகமும் இருக்கணும். காலி இடம் இருந்தால் அது குறை. புத்தக அட்டையின் கணக்கே வேறு. ஆன்லைனில் அது கட்டைவிரல் நகத்தளவில்தான் முதலில் கண்ணில் படும்.

கதை முழுக்க அட்டையில் வேண்டாம்

நாயகன், நாயகி, மலை, ரயில், ரத்தம் என அத்தனையும் சேர்ந்தால் ஒன்றுமே தெரியாது. அட்டை கதைச் சுருக்கம் அல்ல. இது த்ரில்லரா, காதல் கதையா, கட்டுரைத் தொகுப்பா என்று சொன்னால் போதும். படமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓவியர் ஆதிமூலம் (1938-2008) கையால் எழுதிய தலைப்புகளைப் பாருங்க; எழுத்தே ஓவியமாக நிற்கும்.

தலைப்பில் எழுத்து உடைந்தால் போச்சு

பழைய போட்டோஷாப் பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான செட்டிங்கை மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால், கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர் பக்கத்தில், டிசைனருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். பிழை பார்ப்பது உங்க பொறுப்பு. கட்டமரன், மீரா இனிமை, பாலூ தம்பி, கவிவனார் எல்லாம் கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள். ஒரு அட்டைக்கு இரண்டு எழுத்துரு போதும். அவுட்லைன், நிழல், தங்க நிறம் மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டாம்.

அளவும் நிறமும்

மின்னூல் அட்டைக்கு கிண்டில் பரிந்துரைக்கும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், அச்சில் மங்கும். வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடணும். மொபைலில் பளிச்சென மின்னும் நீலமும் பச்சையும் தாளில் சற்று மங்கும் என்பதால், முதலில் ஒரே ஒரு பிரதி அடித்துப் பாருங்க. புத்தகத்தின் முதுகு அகலம், பக்க எண்ணிக்கையையும் தாளையும் பொறுத்தது. பக்கம் முடிவாகும் முன் முழு அட்டையை முடித்தால், முதுகில் உள்ள தலைப்பு பக்கவாட்டில் வழியும்.

படம் யாருடையது?

கூகுளில் தேடி எடுத்த போட்டோ இலவசம் அல்ல. அனுமதி இல்லாவிட்டால் புத்தகத்தையே தளத்திலிருந்து தூக்க நேரலாம். ஏ.ஐ. படம் என்றால், 2023 முதல் அமேசானில் பதிவேற்றும்போதே அதைச் சொல்லியாகணும்.

கடைசியாக ஒரு சோதனை. அட்டையை நகத்தளவுக்குச் சுருக்கி, கதை தெரியாத நண்பரிடம் மூன்று விநாடி மட்டும் காட்டுங்க. தலைப்பு என்ன, எந்த மாதிரி புத்தகம் என்று அவர் சொல்லிவிட்டால் அட்டை பாஸ். சொல்லாவிட்டால் எதையும் கூட்டாதீங்க. ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி காட்டுங்க.